இசங்களும் பாத்திக் கோடுகளும்

குவீன்ஸ்டவுன் என்றதும் மார்கரெட் டிரைவ் நூலகமும் பழைய வீவக அடுக்குமாடிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கெண்ட் ரிட்ஜும் அதே வட்டாரத்தில்தான் அடங்குகிறது. அங்குள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் வேர் 1955வரை போகும். அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த மைக்கேல் சலிவன் தொடங்கிவைத்த சேகரிப்பு அது. அவரிடம் படித்தவர்களில் ஒருவர் டி. கே. சபாபதி. பின்னாளில் தென்கிழக்காசியக் கலையைப் பற்றி எழுத வந்த எவரும் அவரைப் படிக்காமல் தாண்ட முடியாது என்ற நிலை உருவானது.

கலைத் திறனாய்வு எழுத விரும்புகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, ஓவியர்களையும் இயக்கங்களையும் படித்துக்கொண்டு வா என்பதுதான். இம்ப்ரெஷனிசம், கியூபிசம், சர்ரியலிசம் என்று பட்டியல் நீளும். படிக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே: "கண்ணைக் கவரும் வண்ணங்கள்", "மனதைத் தொடும் படைப்பு" என்று எந்தக் கண்காட்சிக்கும் பொருந்தும் நாலு வரி.

ஆனால் பட்டியலை மட்டும் படித்தவரின் எழுத்தும் அதைவிடப் பெரிதாக மேம்பட்டுவிடுவதில்லை.

லியு காங் 1954இல் தீட்டிய 'ஆர்ட்டிஸ்ட் அண்ட் மாடல்' சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. பாலித் தீவில் சக ஓவியர் சென் வென் சி ஒரு பெண்ணைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். ஐரோப்பியப் பாடம் முடித்தவர் "கோகனின் சாயல்" என்று குறித்துக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். தவறென்று சொல்ல முடியாது. லியு காங் பாரிசில் பயின்றவர்தான். ஆனால் உருவங்களைச் சுற்றி ஓடும் அந்த வெள்ளைக் கோடு? பாத்திக்கில் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணி வெளுப்பாகவே நிற்கும். அதை அறிந்தவருக்கு அந்தக் கோடு பாரிசை விட்டுவிட்டு ஜாவாவையும் பாலியையும் காட்டும். லியு காங், சென் வென் சி, சென் சோங் சுவீ, சியோங் சூ பியெங் நால்வரும் 1952இல் பாலிக்குப் போனதும் அப்போதுதான் பொருள்படும்.

அதற்காக இயக்க வரலாற்றைத் தூக்கி எறியச் சொல்வதும் அசட்டுத்தனம். பாரிஸ் பாணியும் சீன மை ஓவிய மரபும் தெரியாதவருக்கு, அந்த நால்வரைப் போன்ற நன்யாங் ஓவியர்கள் எதை எதோடு சேர்த்தார்கள் என்பதே பிடிபடாது. சபாபதியும் ரெட்ஸா பியதாசாவும் 1979இல் கோலாலம்பூரில் நடத்திய நன்யாங் ஓவியர் கண்காட்சிக்கு அந்தப் படிப்புதான் முதுகெலும்பு.

சிக்கல், பெயரே தீர்ப்பாகிவிடும் இடத்தில் வருகிறது. சுவா மியா தீயின் 'நேஷனல் லாங்குவேஜ் கிளாஸ்' (1959) ஓவியத்தை "சமூக யதார்த்தவாதம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். முடித்தால், கரும்பலகையில் மலாயில் எழுதியிருக்கும் கேள்விகளைத் தவறவிடுவோம்: உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய்? சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து புது மொழி பழகும் குடியேறிகளின் பிள்ளைகளிடம் அந்தக் கேள்விகள் வெறும் இலக்கணப் பயிற்சி இல்லை.

1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜபார் மூவரும் கோதே நிலையத்தில் வைத்த 'திரிமூர்த்தி' கண்காட்சிக்கோ மேலைநாட்டு இசங்கள் ஓரளவுக்கு மேல் உதவாது. மூன்று சமயப் பின்னணிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அந்தச் சமயங்களின் குறியீடுகளைப் பற்றிய அறிவும் அங்கே தேவை. இந்த ஓர் இடத்தில் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு.

தமிழில் வழி இல்லாமலும் இல்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டே கலை விமர்சகர் தேநுகா ஐரோப்பிய ஓவியர் மோந்திரியானைப் பற்றி எழுதினார். இந்திரனும் தற்காலக் கலை பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். சிங்கப்பூர் ஓவியங்களைப் பற்றித் தமிழில் அந்த அளவு எழுத்து சேரவில்லை என்பதுதான் குறை.

எழுத வருகிறவர்கள் மோனேயிலிருந்து புறப்பட்டு மூச்சிரைக்க உள்ளூருக்கு வந்து சேர வேண்டியதில்லை. 1952 பாலிப் பயணத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் பாரிசுக்கும் ஷாங்காய்க்கும் போகலாம். கெண்ட் ரிட்ஜ் அருங்காட்சியகத்தில் சிற்பி இங் எங் தெங் நன்கொடையாகத் தந்த படைப்புகளும் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. சுவரிலுள்ள குறிப்பைக் கடைசியில் படியுங்கள்.