பசங்க 2: டாக்டரும் டீச்சரும் ஒரே வீட்டில்

பாண்டிராஜ் இயக்கி 2015 டிசம்பரில் வந்த 'பசங்க 2' படத்தைத் திரும்பப் பார்த்தேன். ஏடிஹெச்டி உள்ள இரண்டு குழந்தைகள், சமாளிக்க முடியாத பள்ளிகள், திண்டாடும் பெற்றோர். குழந்தையைத் திருத்தப் போகாமல் பெற்றோரையும் பள்ளியையும் மாறச் சொல்வதுதான் படத்தின் பலம். அதில் எனக்குக் குறையில்லை.

ஆனா உதவி எங்கிருந்து வருது? சூர்யா டாக்டர், அவர் மனைவி அமலா பால் டீச்சர். ரெண்டும் ஒரே வீட்டில்! இந்த வசதியைக் கழித்தால் கதை நகராது.

கடப்பாக்கம் மாதிரி கடலோர ஊரில், விடியுமுன் அப்பா கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் கிளம்பிவிடும் வீட்டுப் பையன் ஓரிடத்தில் உட்காரவே மாட்டேங்கிறான் என்றால், அதை முதலில் கவனிக்க வேண்டியவர் வகுப்பு டீச்சர்தான். (ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு என்பது நம் தொடக்கப் பள்ளிகளில் சகஜம்.) கல்வித்துறையின் 14417 உதவி எண் 2018 முதல் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனா ரெண்டாம் வகுப்புப் பிள்ளை அதற்குப் போன் போடாது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், இந்த விஷயத்திலும் உதவும் என்பது என் கணிப்பு: பசியில் வரும் எரிச்சல் எது, மற்றது எது என்று டீச்சரால் பிரித்துப் பார்க்க முடியும். பார்த்த பிறகு அவர் யாரிடம் சொல்வார்? செங்கல்பட்டு வரை குடும்பத்தை அலையவிடாமல், மாதம் ஒருமுறையாவது பள்ளிக்கே வரும் ஆலோசகர் வேண்டும்.

பாண்டிராஜ் மூன்றாவது பாகம் எடுத்தால் அந்த டீச்சரிடமிருந்து தொடங்கலாம்.