டிரஸ்ஸிங் ரூமில் இன்னொரு நாற்காலி

2025 நவம்பரில், கொல்கத்தா டெஸ்டில் 124 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்திய அணி 93 ரன்னில் சுருண்டது. அடுத்த வாரம் குவாஹாட்டியில் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் நியூசிலாந்து இங்கே வந்து மூன்று டெஸ்டையும் வென்று போனது. பேட்டிங் சரியும்போதெல்லாம் திண்டுக்கல் டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே யோசனைதான் கிளம்புகிறது: டெண்டுல்கரைக் கூப்பிடு, டிராவிட்டைக் கூப்பிடு, பேட்ஸ்மேன்களுக்கு ஒரு மென்டாரைப் போடு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அணியோடு ஏற்கெனவே எத்தனை பேர் விமானம் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர், பேட்டிங் கோச், வீடியோ அனலிஸ்ட், நெட்டில் சைட்ஆர்ம் வைத்துச் சலிக்காமல் பந்தெறியும் த்ரோடவுன் ஆட்கள். ஆஸ்திரேலியாவில் 3-1 என்று தோற்ற கையோடு, 2025 ஜனவரியில் சிதான்ஷு கோடக் பேட்டிங் கோச்சாகச் சேர்க்கப்பட்டார். ஆள் பற்றாக்குறைதான் நோய் என்றால் அதற்குள் கொஞ்சமாவது தெளிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் பேட்டிங் கோச்சால் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. அவர் பதினைந்து பேருக்கும் பொதுவானவர். அடுத்த டெஸ்டில் யார் ஆடுவது என்ற பேச்சில் அவர் சொல்லுக்கும் எடை உண்டு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே எழும்பும் பந்தைப் பார்த்தால் கை தானாகப் போய்விடுகிறது, பயமாக இருக்கிறது என்று எந்த பேட்ஸ்மேன் அவரிடம் மனம் விட்டுச் சொல்லுவார்? தேர்வில் சம்பந்தமே இல்லாத, அதே சிக்கலை அருகிலிருந்து பார்த்த ஒருவரிடம்தான் அது வெளியே வரும். ஆலோசகர் வேண்டும் என்பதற்கு உள்ள வலுவான வாதம் இதுதான்.

இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1998 மார்ச், சேப்பாக்கம். ஷேன் வார்ன் ரவுண்ட் த விக்கெட் வந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திப் பந்தைத் திருப்புவார் என்று டெண்டுல்கர் முன்கூட்டியே கணித்திருந்தார். டெஸ்டுக்கு முன் சென்னையில் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அழைத்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே ஆடுகளத்தைக் கரடாக்கி, அந்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் பந்துவீச வைத்தார். முதல் இன்னிங்ஸில் வார்ன் அவரை 4 ரன்னில் வீழ்த்தினார். இரண்டாவது இன்னிங்ஸில், பயிற்சி செய்த அதே ஷாட்டால், கரட்டில் விழுந்து திரும்பிய பந்தை மிட்விக்கெட் பக்கம் தூக்கியடித்து 155 நாட் அவுட். இந்தியா 179 ரன்னில் வென்றது. சிக்கல் இன்னதென்று கண்டுபிடித்தவரும், அதற்கு ஆள் தேடியவரும் பேட்ஸ்மேனே. வந்த ஆளோ பேட்டிங் மேதை கிடையாது. ஒரு லெக் ஸ்பின்னர். வாரியம் யாருக்கும் நியமன ஆணை அனுப்பவில்லை.

இதே டெண்டுல்கர் தன் முழங்கைக் கவசம் பேட் வீச்சைத் தடுக்கிறது என்பதைச் சென்னையில் ஒரு ஓட்டல் ஊழியர் சொல்லித்தான் உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைக்குப் பதவி தேவைப்படுவதில்லை.

2014-க்கு வருவோம். இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்குத் தயாராக ராகுல் டிராவிட்டை வாரியம் ஆலோசகராக அனுப்பியது. லார்ட்ஸில் வென்றோம், முரளி விஜய் டிரென்ட் பிரிட்ஜில் 146, லார்ட்ஸில் 95 என்று பந்தை விட்டு விட்டு ஆடிக் காட்டினார். ஆனால் விராட் கோலி 10 இன்னிங்ஸில் எடுத்தது 134 ரன். ஊர் திரும்பிய பிறகு அவர் தானாகவே மும்பையில் டெண்டுல்கரிடம் போனார். இடுப்பு நிற்கும் கோணம், வேகப்பந்துக்கும் முன்னங்காலை எடுத்து வைப்பது ஆகியவற்றை அங்கே சரிசெய்துகொண்டு ஆஸ்திரேலியா போய் நான்கு டெஸ்டில் 692 ரன் குவித்தார். டிராவிட்டுக்குத் தெரியாததா டெண்டுல்கருக்குத் தெரிந்தது? அப்படி இல்லை. தொடர் நெருங்கும்போதும் நடக்கும்போதும் ஒருவர் ஆட்டத்தைப் பிரித்து மறுபடி கோக்க யாராலும் முடியாது. அதற்கு ஓய்வு நாள் வேண்டும், தோற்ற மனம் தானாகக் கேட்க வர வேண்டும்.

தனி மனிதராக உதவியவரைப் பதவியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள் போதும். 2003-ல் சௌரவ் கங்குலி ஆஸ்திரேலியா போய் கிரெக் சாப்பலிடம் சில நாள் பயின்றார். டிசம்பரில் பிரிஸ்பேனில் 144 அடித்தார். 2005-ல் அதே சாப்பல் இந்தியப் பயிற்சியாளரானார். சில மாதங்களில் கங்குலி கேப்டன் பதவியையும் அணியில் இடத்தையும் இழந்தார். அடுத்தது நம் தினேஷ் கார்த்திக். தேசிய அணியில் வருவதும் போவதுமாக இருந்தவரை மும்பையில் தன்னோடு தங்கவைத்துத் திரும்ப உருவாக்கியவர் அபிஷேக் நாயர். நாயர் இந்தியாவுக்காக ஆடியது மூன்றே ஒருநாள் போட்டிகள். 2018 மார்ச்சில் கொழும்பில் 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் சிக்ஸர் என்று கார்த்திக் கோப்பையை வாங்கித் தந்ததில் நாயரின் பங்கு சிறிதல்ல. 2024-ல் அவரே இந்திய அணியின் உதவிப் பயிற்சியாளரானார். 2025 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். ஆள் ஒருவர்தான். முன்பு ஒரு பேட்ஸ்மேனுக்குப் பதில் சொன்னவர், பிறகு வாரியத்துக்கும் தோல்விக்கும் பதில் சொல்ல வேண்டியவரானார்.

பெயருக்காக மட்டும் போடும் மென்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 டி20 உலகக் கோப்பைக்கு தோனி சம்பளம் வாங்காமல் வந்தார். பாகிஸ்தானிடம் பத்து விக்கெட், நியூசிலாந்திடம் எட்டு விக்கெட், அரையிறுதிக்கு முன்பே வீடு.

என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் மறைக்கக் கூடாது. 2023 உலகக் கோப்பையில் அஜய் ஜடேஜா ஆப்கானிஸ்தான் அணிக்கு மென்டாராக இருந்தார். அந்த அணி நான்கு ஆட்டங்களில் வென்றது. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் 282-ஐ இரண்டே விக்கெட் இழப்பில் துரத்திப் பிடித்தது. அந்த நியமனம் பலித்ததற்குக் காரணம் உண்டு. இந்திய ஆடுகளங்களையும் ஐம்பது ஓவரை எப்படிப் பிரித்து ஆடுவது என்பதையும் அறிந்த ஒருவர் இல்லாதது அந்த இளம் அணிக்கு உண்மையிலேயே குறையாக இருந்தது. குறை எங்கே என்று தெரிந்து, ஒரே ஒரு தொடருக்கு ஆள் எடுத்தார்கள். இந்தியாவிடம் அந்தக் குறை இல்லை.

நம் குறை எங்கே இருக்கிறது? நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தேடலாம். 2019 டிசம்பரில் அங்கே ரஞ்சிப் போட்டி. முதல் இன்னிங்ஸில் கார்த்திக் 113 அடித்திருந்தார். கடைசி நாளில் கர்நாடகத்துக்கு எதிராகத் தமிழ்நாடு எடுக்க வேண்டியது 181. ஆஃப் ஸ்பின்னர் கிருஷ்ணப்பா கௌதம் எட்டு விக்கெட்டை அள்ள, 154-ல் முடிந்து 26 ரன்னில் தோற்றோம். அதே மைதானத்தில் 2025 ஜூலை 6-ல் டிஎன்பிஎல் இறுதி ஆட்டம். சொந்த ஊரில் 221-ஐத் துரத்திய திண்டுக்கல் டிராகன்ஸ் 102-ல் மடிந்தது. இரண்டும் பேட்டிங் சரிவுதான், ஆனால் நோய் வேறு வேறு. முன்னது தேய்ந்த ஆடுகளத்தில் பந்து திரும்பும்போது கையை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம். பின்னது ஓவருக்குப் பதினொன்று வேண்டும் என்ற நெருக்கடி. இரண்டுக்கும் ஒரே பெரிய பெயர் மருந்தாகாது.

முதல் நோய் தேசிய அணிக்கு வந்த பிறகு பிடிப்பதும் இல்லை. வேடசந்தூரிலோ வத்தலகுண்டிலோ மேட்டிங் விரித்த பிட்ச்சில் ஆடி வளரும் பையனுக்குப் பந்து சீராக எழும்பும். நம்பி முன்னால் வந்து அடிப்பான். நான்காம் நாள் ஆடுகளத்தில் சிலிப்பும் ஷார்ட் லெக்கும் கழுத்தருகே நிற்க, குத்திய பந்து ஒன்று திரும்பி ஒன்று நேராக வருவதை அவன் பார்ப்பதற்குள் இருபது வயது தாண்டிவிடும். நத்தத்தில் ஒரு ரஞ்சி ஆட்டம் முடிந்ததும் அந்தத் தேய்ந்த பிட்ச்சை உடனே உருட்டி மூடாமல், ஓய்வுபெற்ற ஸ்பின்னர் ஒருவரை ஒரு வாரம் அங்கே பந்துவீச வைத்துப் பதினாறு வயதுப் பையன்களை ஆட விடலாம். மென்டார் செலவில் எனக்கு மிகவும் பிடித்த செலவு அதுதான்.

தேசிய அணிக்கு ஆலோசகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிரந்தரப் பதவியாக வேண்டாம். பேட்ஸ்மேன் தனக்கு வேண்டியவரைச் சொல்லட்டும், லெக் ஸ்பின்னரோ மூன்றே ஆட்டம் ஆடியவரோ. செலவை வாரியம் ஏற்கட்டும். தொடருக்கும் தொடருக்கும் இடையில் வேலை முடியட்டும். என்ன மாற்றினார்கள் என்பது பேட்டிங் கோச்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பின்னங்காலுக்குப் போ என்பார், மற்றவர் முன்னங்காலுக்கு வா என்பார், பையன் நடுவில் நின்று எல்பிடபிள்யூ ஆவான்.

கடைசியாக ஒரு நிபந்தனை. 2023 டிசம்பரில் இலங்கைக்கு ஆலோசகராக வந்த சனத் ஜெயசூர்யா 2024 ஜூலையில் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கொல்கத்தா நைட் ரைடர்ஸின் மென்டாராக ஐபிஎல் கோப்பை பார்த்த கௌதம் கம்பீர் அதே மாதம் இந்தியப் பயிற்சியாளர் ஆனார். ஜெயசூர்யா காலத்தில் இலங்கை ஓவலில் டெஸ்ட் வென்றதை நான் மறக்கவில்லை. பதவி உயர்வு தவறென்றும் சொல்லமாட்டேன். ஆனால் நேற்று ரகசியம் கேட்டவர் நாளை பதினொருவரைத் தேர்ந்தெடுப்பவர் ஆகலாம் என்றால், ஆலோசகர் என்ற ஏற்பாட்டின் ஒரே பலமும் போய்விடும். ஆலோசகராக இருந்தவர் இரண்டு ஆண்டுக்காவது பயிற்சியாளராகவோ தேர்வாளராகவோ வர முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாத வரை எவ்வளவு பெரிய மேதை எதிரே உட்கார்ந்திருந்தாலும், ஃபார்ம் போன பேட்ஸ்மேன் அவரிடமும் “எல்லாம் நல்லாத்தான் போகுது சார்” என்றுதான் சொல்லிவிட்டு எழுந்து வருவார்.