கிருபையும் முன்பணமும்

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சத் தோட்டக் கதை வருகிறது. விடியக்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும், பொழுது சாயும் நேரத்தில் வந்து ஒரு மணி நேரம் மட்டும் வேலை பார்த்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலியைக் கொடுக்கிறார். காலையிலேயே வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். கோயிலில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் நமக்கெல்லாம் மனப்பாடம். கிருபை சம்பாதிப்பதல்ல, சும்மா கிடைப்பது. கொடுப்பது ஆண்டவர் இஷ்டம்.

இந்த விளக்கத்தை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நின்று கேட்க வேண்டும். தோட்டம், துரை, கூலி, சாயங்காலக் கணக்கு எல்லாம் அங்கே உவமை இல்லை, பிழைப்பு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே எஸ்டேட். எஸ்டேட் என்றால் மேஸ்திரி, கங்காணி, முன்பணம். யோசித்துப் பார்த்தால் முன்பணமும் கிருபை மாதிரிதான். வேலை செய்வதற்கு முன்னாலேயே கையில் கிடைப்பது. தகுதி பார்த்துக் கொடுப்பதில்லை; இல்லாதவனாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம், முன்பணம் நோட்டில் ஏறும். வாங்கிவிட்டு வேலைக்கு வராதவனை ஜெயிலுக்கு அனுப்ப 1859-இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வைத்திருந்தான்.

தமிழ்க் கிறிஸ்தவம் தலித்துகளுக்குக் கொடுத்தது கிருபையா, முன்பணமா? பள்ளிக்கூடம் கொடுத்தோம், மருந்து கொடுத்தோம், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊத்தினோம். கொடுத்தது உண்மை, யாரும் மறுக்கலை. ஆனால் அதெல்லாம் ஏதோ ஒரு நோட்டில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கேள்வி கேட்கும்போது நோட்டைப் பிரிக்கிறார்கள்: நன்றி மறந்தவனே! பழைய கத்தோலிக்க ஜெபத்தில் கிருபைக்குப் 'பிரியதத்தம்' என்று பேர், பிரியத்தோடு கொடுத்தது என்று அர்த்தம். நல்ல சொல்லு, வழக்கொழிந்து போச்சு. நம்ம சனங்க வாயில் நின்றது 'தயவு'தான். சாமியார் தயவு, தொரை தயவு, ரெண்டும் ஒரே மூச்சில் வரும். நாள் முழுக்க முதுகொடியப் பழம் பறித்துவிட்டு வாங்குகிற காசைக்கூட 'தொரை தயவு' என்று சொல்லப் பழக்கிவிட்டார்கள். கூலி உரிமை, கிருபை இனாம். இரண்டையும் குழப்பியதில் லாபம் யாருக்கு?

உவமையில் முறுமுறுத்தவர்களைக் கவனியுங்கள். அவர்களுக்குக் கூலி குறையவில்லை, பேசினபடி முழுசாக வாங்கிவிட்டார்கள். பின்னால் வந்தவனைத் தங்களுக்குச் சமமாக வைத்துவிட்டார் என்பதுதான் அவர்கள் வயிற்றெரிச்சல். இதைவிடச் சுருக்கமாகச் சாதியை விளக்க முடியாது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், குறத்தியை வேதம் பேசவைத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். பெரும் புலவர், சந்தேகமில்லை. அதே சாஸ்திரியார், கோயிலில் வெள்ளாளருக்குத் தனி இடம் கூடாது, நற்கருணைக் கிண்ணம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மிஷனரிகள் சொன்னபோது சாதியாசாரத்துக்காக வழக்காடினார். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பாட்டில் குறத்திக்கு இடம் உண்டு. பறையருக்குப் பக்கத்தில் உட்காரத்தான் முடியவில்லை. கிருபை சம்பாதிக்காமல் கிடைப்பது என்றால் பிறப்புப் பெருமை செல்லாக்காசு. அதை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள், அதனால்தான் வெளியேறினார்கள்.

அம்பேத்கர் இதை வேறு முனையிலிருந்து பிடித்தார். தீண்டப்படாதவன் இந்துவாக இருந்தபோது, உன் தாழ்வுக்குக் காரணம் உன் கர்மம் என்றார்கள். கிறிஸ்தவனானதும், உன் மூதாதை செய்த பாவம் என்கிறார்கள். இரண்டிலும் அவனுக்குத் தப்ப வழியில்லை என்று எழுதினார். தப்பித்துக்கொள்வது சாதி மட்டும்தான் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பாமாவின் 'கருக்கு' (1992) ஒரு முன்னாள் கன்னியாஸ்திரீயின் மனக்குமுறல் என்று படிக்கப்பட்டது. அப்படிப் படித்தால் பாதிதான் கிடைக்கும். நோட்டில் ஏறிய கிருபையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த ஒருத்தியின் கணக்கு அது. ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று பார்த்த வேலையை விட்டு மடத்துக்குள் போனவர், அங்கே கண்டது பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் வாய் திறக்காத கீழ்ப்படிதலையும். ஏழு வருசம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்தார். ஏற்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு உறைவிடப் பள்ளிகள்தான் ஞாபகம் வரும். மான்ட்ஃபோர்ட் 1917-இலிருந்து இருக்கிறது. இந்த மாதிரிப் பள்ளிகளின் ஃபீஸையும் எஸ்டேட் பெண்ணின் தினக்கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் 'கருக்கு'வின் மடத்துப் பக்கங்களுக்கு உரை தேவையில்லை.

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இன்னும் ரணமான இடத்தில் கை வைக்கிறது, அதுவும் சிரித்துக்கொண்டே. படித்து முடித்த சிலுவை வேலைக்காக இந்துவாக மாறுகிறான். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதிக்கு மத எல்லை போட்டது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவத் தலித் வெளியிலேயே நின்றார். அந்த எல்லையை எடுத்துவிடச் சொல்லி 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் பரிந்துரைத்தது. 2022-இல் மறுபடி ஒரு கமிஷன் போட்டார்கள். அதற்கெல்லாம் முன்னாலேயே, சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1985-இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் பத்தலையாம். இலவசக் கிருபையை ஏற்றவனுக்கு இலவசக் கடை கிடையாது.

சேர்வராயன் மலையில் இதற்கு இன்னொரு கோணல் உண்டு. மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அந்தப் பட்டியலுக்கு மதக் கணக்கு இல்லை. ஒரே தோட்டத்தில் பழம் பறிக்கும் மலையாளிப் பெண்ணும் பறையர் பெண்ணும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே போதகர் கையால் ஞானஸ்நானம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவள் சான்றிதழ் அப்படியே இருக்கும். இருக்கட்டும், அது அவள் உரிமை. இரண்டாமவள் பிற்பட்ட வகுப்பாகிவிடுவாள். ஊரில் அவளை யாரும் பிற்பட்ட வகுப்பு என்று கூப்பிடப் போவதில்லை.

சிலுவை வேலைக்காகக் கிருபையை விற்றுவிட்டான் என்று சொல்லுகிறவர்கள், மத்தேயு 20-ஐ இன்னொரு தரம் நிதானமாகப் படிக்கட்டும். சாயங்காலம் வரை சந்தையில் நின்றவர்களிடம், ஏன் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள்.