எட்வர்டுக்கும் ஸெய்துக்கும் இடையில்

'இரண்டு பண்பாடுகளுக்கிடையில் வாழ்வது மனிதனை விசாலப்படுத்துகிறது' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே எழும் கேள்வி: யாரை? விமானத்தில் போனவனையா, தோணியில் போனவனையா? பண்பாட்டுக் கலப்பு பற்றிய நமது சொல்லாடல்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகின்றன.

எட்வர்ட் ஸெய்தின் தன்வரலாறான 'அவுட் ஆஃப் ப்ளேஸ்' (1999) நூலை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம். 1935இல் ஜெருசலேமில் பிறந்து கெய்ரோவில் வளர்ந்த பாலஸ்தீனக் கிறிஸ்தவர். பெயரிலேயே தகராறு: முன்பாதி பிரிட்டிஷ் இளவரசனுடையது, பின்பாதி அரபு. ஆங்கிலம், அரபு இரண்டில் எதை முதலில் பேசினேன் என்பதே எனக்குத் தெரியாது என்கிறார். படித்த விக்டோரியா காலேஜில் அரபு பேசினால் தண்டனை.

இதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது? பால்யகாலப் பக்கங்களில் நிறைந்திருப்பது கூச்சமும் பயமும்தான். 1951இல் அமெரிக்கா போனவர், ஆங்கில இலக்கியப் பேராசிரியராகவே காலத்தை ஓட்டியிருக்கலாம். 1967 போர் அதைக் கலைத்துப் போட்டது. 1972-73இல் பெய்ரூட்டில் தங்கி, முப்பத்தேழு வயதில், எழுத்து அரபை முறையாகப் பாடம் கேட்டார். 'ஓரியண்டலிசம்' வந்தது 1978இல். இடையில் நின்றதால் மட்டும் அவர் வளர்ந்துவிடவில்லை. பள்ளிக்கூடம் பிடுங்கிக்கொண்ட மொழிக்குத் திரும்பிப்போன உழைப்பு அது.

சரி, அந்த உழைப்புக்கான அவகாசம் எங்கிருந்து வந்தது? அப்பா கெய்ரோவில் எழுதுபொருள் வியாபாரி. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். ஆகவே அவருக்கும் பிள்ளைகளுக்கும் அமெரிக்கக் குடியுரிமை. 1948இல் பாலஸ்தீனர்கள் அகதிகளாகக் கெய்ரோவுக்கு வந்தபோது நபீஹா அத்தை அவர்களுக்காக மருந்துக்கும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைகிறார். அவர்களும் இரண்டு உலகங்களுக்கிடையில் நின்றவர்கள்தான். ஆனால் கையில் காகிதம் இல்லை. ஒரே குடும்பத்தின் வாசலில் இரண்டு விதமான 'இடை'. ஸெய்த் இதை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்த நூலின் பலம் என்று நினைக்கிறேன்.

1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து டொரண்டோவுக்கும் பாரீஸுக்கும் போன குடும்பங்களில், குடிவரவு அலுவலகத்தில் அம்மாவுக்காக மொழிபெயர்த்த பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையும் வளர்கிறது. ஆனால் வயசுக்கு முந்தி. அதை 'ஆளுமை வளர்ச்சி' என்று எழுத எனக்குக் கை வராது.

நூலின் முடிவில் ஸெய்த், தன்னை ஒற்றைத் தன்னிலையாகத் திரட்டிக்கொள்ள மறுத்து, பல நீரோட்டங்களாகப் பார்க்கிறார். நிலையற்ற தன்னிலையைக் கொண்டாடும் நம் நண்பர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் நாளைக்கு வெளியேற்றிவிடுவார்களோ என்று படுக்கிறவனிடம் போய் 'நீ ஒரு நீரோட்டம்' என்று சொல்ல முடியுமா? அவன் கேட்பது முதலில் நிற்க ஒரு இடம். ஓடுவதா நிற்பதா என்பதை அதற்கப்புறம் அவனே முடிவு செய்வான்.