மூலம் இல்லாப் பாடவேறுபாடு: இணைய விளையாட்டுத் திருத்தக் குறிப்புகளின் உரைநடை

ஒரு நூல் அச்சேறியபின் பதிப்பாசிரியர் எத்துணை முறை திருத்தினும் பழம்பதிப்பு நூலகத்தில் நின்று சான்று கூறும். இணைய விளையாட்டு அத்தகையதன்று. அதனை ஆக்கிய நிறுவனம் ஒரு நாள் விதியை மாற்றின், அன்று முதல் புதிய விதியே ஆளும். பழையதில் ஆட விரும்புவார்க்குப் பெரும்பாலும் வழியில்லை. 'பேட்ச்' என வழங்கும் அம்மாற்றத்தோடு வெளிவரும் அறிவிப்பினை யாம் ஈண்டுத் திருத்தக் குறிப்பு என்கிறோம். இதனை ஓர் உரைநடை வகையாகக் கொண்டு ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார் இருக்கலாம். சொல்தோறும் எண்தோறும் கருத்தூன்றிப் பல்லாயிரவர் படிக்கும் உரைநடை இன்று வேறு எத்துணை உண்டு என அவரை யாம் வினவுவோம்.

முதற்கண் ஒரு சிறு சான்று. நூற்றுக்கு இருபது முறை பேரடி விழும் வாய்ப்புடைய வாள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 'வாய்ப்பு 10 விழுக்காடு உயர்த்தப்பட்டது' எனக் குறிப்புக் கூறின், புதிய வாய்ப்பு 22 விழுக்காடா, 30 விழுக்காடா? தொடர் இரண்டற்கும் இடந்தருகிறது. எழுதியவர்க்கு ஐயமில்லை, எண்ணை மாற்றியதை அவர் அறிவார். படிப்பவரே இடர்ப்படுகிறார். நூற்குற்றங்களுள் மயங்கவைத்தல் என நன்னூலார் கூறுவது இதுவே. '20 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக' எனப் பழைய அளவும் புதிய அளவும் ஒருங்கு நிற்பின் மயக்கம் அகலும்.

வால்வ் நிறுவனத்தின் டோட்டா 2 குறிப்புகள் இந்நெறியை இறுகப் பற்றியவை. ஒரு வித்தைக்கு நான்கு படிகள் இருப்பின், பழைய எண்கள் நான்கும் புதிய எண்கள் நான்கும் சாய்கோடிட்டு வரும். காரணம் கூறப்படுவது அரிது. 2021-இல் இவ்விளையாட்டின் உலகப் போட்டிக்குரிய பரிசுத்தொகை 4 கோடி அமெரிக்க டாலரை எட்டியது என்பதை நினைப்பின், ஓர் எண்ணின் பிழை சிறு பிழையன்று என்பது விளங்கும். ரயட் கேம்ஸ் 2009-இல் வெளியிட்ட லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வேறு நெறியில் செல்கிறது. ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒருமுறை வரும் அதன் குறிப்புகள், வீரர் பெயரின் கீழ் மாற்றத்தின் நோக்கத்தை ஒரு பத்தியில் விளக்கி, அதன் பின்னரே எண்களைத் தருகின்றன. முன்னது நூற்பாவை ஒக்கும். பின்னது விருத்தியுரையை ஒக்கும்.

எண் இருக்க விளக்கம் எதற்கு என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. 'இவ்வீரன் ஆட்டத்தின் தொடக்கத்தில் மிக வலியனாய் இருத்தலைக் குறைக்க எண்ணினோம்' என ஆக்கியோர் எழுதிவிடின், அவ்வெண்ணம் நிறைவேறிற்றா என ஆடுவோர் பின்னர் அளந்து கேட்கலாம். காரணம் கூறுவோர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்கின்றனர். ஆயின் விளக்கம் எண்ணின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும்போது தீங்கு நேர்கிறது. 'சற்றே குறைத்தோம்' என்னும் தொடரில் அடக்கம் உண்டு, செய்தி இல்லை. 'பல பிழைகள் களையப்பட்டன' என்பதோ நின்று பயனின்மை. ஓரிடத்தில் மட்டும் இம்மௌனத்துக்கு நியாயம் உண்டு: ஏமாற்றி வெல்லும் வழியொன்றை அடைத்தவர் அவ்வழியை விரித்து எழுதின், அதே ஓட்டையுள்ள பிற விளையாட்டுகளில் ஏமாற்றக் கற்பித்தவர் ஆவர்.

பிழைதிருத்தத்தைச் சொல்லும் முறைக்கு, இணையத்தில் பிறரோடு ஆடுவதன்றாயினும், ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்னும் விளையாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். 2015 இறுதியில் அதில் மதுச்சாலைகள் சேர்க்கப்பட்டன. உடனே பூனைகள் இறக்கத் தொடங்கின. தரையில் சிந்திய மதுவில் நடந்த பூனை, தன் உடலை நக்கித் தூய்மை செய்யும்போது, கிண்ண அளவு மதுவை அருந்தியதாக நிரல் கணக்கிட்டமையே காரணம். இதனைக் களைந்த டார்ன் ஆடம்ஸ், ஈரத் தரையில் நடத்தல், தூய்மை செய்தல், மதுநஞ்சேறி மாய்தல் என்னும் தொடர்ச்சி முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினார். 'பூனைப் பிழை களையப்பட்டது' என அவர் எழுதியிருப்பின் எவர்க்கும் ஒன்றும் விளங்கியிராது.

இனி, இவ்வகை எழுத்தின் பெருங்குறைக்கு வருவோம். திருத்தக் குறிப்பு என்பது பாடவேறுபாட்டுப் பட்டியல். ஆனால் மூலபாடம் எங்கும் முழுமையாக அச்சிடப்படவில்லை. ஓராண்டு ஆடாதிருந்து மீண்டவர், இடைப்பட்ட குறிப்புகள் அனைத்தையும் அடுக்கிப் படித்தாலன்றி இன்றைய விதியைக் குறிப்புகளால் அறியமாட்டார். அவற்றுள் ஒரு மாற்றம் எழுதப்படாது விடுபட்டிருப்பின் அடுக்கு முழுவதும் சரியும். சுவடி இழந்த நூலுக்கு உரையாசிரியர் மேற்கோள் சான்றாவது போல, மறைந்த விதிக்குக் குறிப்பே பெருஞ்சான்று. அதில் இல்லாதது ஆடியோர் நினைவில் மட்டுமே தங்கும்.

அந்நினைவு எத்துணை நம்பத்தக்கது என்பதை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் காட்டிற்று. 2004-இல் வெளிவந்த அவ்விளையாட்டினை, 2006-இல் இருந்த 1.12 என்னும் பாடத்தின்படி மீட்டு 2019-இல் பிளிசார்ட் நிறுவனம் மீண்டும் வெளியிட்டது. அதற்குமுன் நடந்த சோதனை ஆட்டத்தில் பலர் பிழை, பிழை என முறையிட்டனர். எருதுத் தலையுடைய தாரென் இனத்தவரின் அடிவீச்சு ஏனையோரினும் சிறிது மிகுந்திருப்பதும், முடித்த பணிக்குரியவர் சிறுபடத்தில் வெறும் புள்ளியாகத் தோன்றுவதும் முறையீட்டுக்கு உள்ளாயின. இரண்டும் பழம்பாடத்தில் உள்ளவாறே இருந்தவை. பழைய நாளில் ஆடியவர்களே அவற்றை மறந்திருந்தனர். நிறுவனம் இறுதியில், இவை பிழையல்ல எனத் தலைப்பிட்டு ஒரு நீண்ட பட்டியலை வெளியிட்டது. மாறாதவற்றைக் கூறும் அப்பட்டியலை, பதின்மூன்று ஆண்டு கழித்து எழுதப்பட்ட மூலபாடத்தின் ஒரு பகுதியாகவே யாம் படிக்கிறோம்.