காற்றிலிருந்து இறைக்கும் வெந்நீர்

இராம தீர்த்தம் முதலான சுனைகளின் குளிர்ந்த நீரில் ஆடுவதையே புண்ணியமெனக் கருதி யாத்திரிகர் ஏறிவரும் தீர்த்தமலையில், வெந்நீர் போடும் யந்திரம் ஒன்றின் குணதோஷங்களை ஆராய்வது விநோதமாகத் தோன்றலாம். எனினும், மார்கழி விடியலில் குழந்தைக்கும் முதியவருக்கும் வெந்நீர் வேண்டியிருப்பதும், விறகு பாய்லர் நின்ற இடத்தில் கீசர் குடியேறிவருவதும் கண்கூடு. நகரத்து ஹோட்டல்களில் இடம்பிடித்து, இப்போது வீடுகளையும் எட்டிப்பார்க்கும் ஹீட் பம்ப், அந்தக் கீசரையும் விலக்கத் தகுதியுடையதா என்பதே கேள்வி.

ஏற்றம் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றில் உள்ளதை மேலே இறைத்துத் தருகிறது. அவ்வாறே, பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்ஸன் 1852-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த தத்துவத்தின்படி, இந்த யந்திரம் வெளிக்காற்றின் உஷ்ணத்தைக் குளிர்பதன வாயுவால் கிரகித்து, கம்ப்ரசரால் அழுத்தி, தொட்டித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றக் கீசருக்கு ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் வேண்டுமாயின், செலவிட்டதைப் போல் மும்மடங்கு வெப்பம் தரும் ஹீட் பம்புக்கு 1 யூனிட் போதும். நாள்தோறும் அவ்வளவு வெந்நீர் புழங்கும் வீட்டில், இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் என்பது 60 ஆகக் குறையும். ஆனால், 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தந்து, அதற்குமேல் படிப்படியாக விலையேற்றும் தமிழ்நாட்டில், இந்தச் சேமிப்பு சிறு வீட்டில் சில்லறையாகவும், ஏ.சி. ஓடும் பெரிய வீட்டில் கணிசமாகவும் இருக்கும்.

தோஷங்கள் இல்லாமலில்லை. வெந்நீரே வேண்டாத சித்திரையில் திறமை மிகுந்தும், வேண்டிய மார்கழியில் சற்றே குன்றியும் உழைப்பது இதன் சுபாவம். ஆயினும் ஐரோப்பியக் குளிரில்போல் இதன் குழாய்கள்மீது உறைபனி படியாதாகையால், இக்குறையைப் பெரிதாக்குவது நியாயமன்று. பெரிதான குறை விலை. கீசரைப்போல் பல மடங்கு. கீசரின் கம்பி போனால் எந்த எலக்ட்ரீஷியனும் மாற்றிவிடுவார். இதற்கோ பிரிட்ஜ் மெக்கானிக்கைத் தேடவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாயின், உப்புப் படிந்து வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். பொத்தானை அழுத்திய சில நிமிஷங்களில் குளிக்கக் கிளம்புகிறவருக்கும் இது ஒத்துவராது. தொட்டி சூடாகப் பொறுமை வேண்டும்.

இத்தனைக்கும் ஈடான ஒரு சௌகரியத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வெப்பத்தை இழந்து வெளியேறும் காற்று குளிர்ந்திருக்கும். குளிர்நாட்டார் தொல்லையென ஒதுக்கும் அதை, கோடையில் குழாய்வழியே சமையலறைக்குத் திருப்பினால் தருமபுரி ஜில்லாவில் அது ஒரு பாக்கியம். ஒரே சுவரின் ஒருபுறம் ஏ.சி. வீட்டின் உஷ்ணத்தைத் தெருவில் கொட்ட, மறுபுறம் கீசர் மின்சாரத்தை எரித்துப் புதிதாய் உஷ்ணம் உண்டாக்கும் விந்தையை நாம் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, நாள்முழுதும் வெந்நீர் செலவாகும் சத்திரங்களுக்கும் விடுதிகளுக்கும் இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். நால்வர் வாழும் தனி வீட்டுக்கோ, மாடியில் வெயில் விழுமானால் சூரிய வெந்நீர்க் கலமே முதல் தேர்வு; ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் அது சோர்ந்துபோகும் சில நாட்களுக்குப் பழைய கீசரைக் கழற்றாமல் வைத்துக்கொள்ளலாம். மாடியில் நிழல் விழும் வீட்டுக்காரரும், குளிர்காற்றை உள்ளே திருப்பிக்கொள்ள வசதியுள்ளவரும் ஹீட் பம்பின் விலையை விசாரிக்கலாம்.