தமிழ் விவிலியத்தில் திராட்சரசமும் மதுபானமும்: சொல்தேர்வும் மதுவிலக்கு விளக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவர் மது அருந்தலாமா என்னும் வினாவுக்குத் தமிழ்ச் சூழலில் கூறப்படும் விடைகளுள் ஒன்று பின்வருமாறு அமைகிறது: விவிலியம் பாராட்டும் திராட்சரசம் புளிக்காத பழச்சாறு; அது கண்டிக்கும் மதுபானம் வேறொரு பொருள். இவ்விளக்கம் மூலமொழிகளின் சான்றால் நிலைபெறவில்லை என்பதையும், தமிழ் மொழிபெயர்ப்பின் சொல்தேர்வே அதற்கு வலுவூட்டுகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. மதுவை விலக்குவதற்கு விவிலியத்திலேயே இதனினும் உறுதியான அடிப்படை உண்டு என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: திராட்சரசம், மதுபானம், விவிலிய மொழிபெயர்ப்பு, பவர் மொழிபெயர்ப்பு, மதுவிலக்கு.

முன்னுரை

சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சேறியது முதல் தமிழ் விவிலியம் பலமுறை திருத்தப்பட்டும் புதிதாக மொழிபெயர்க்கப்பட்டும் வந்துள்ளது. அவற்றுள் ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபையாரிடையே இன்றளவும் பெருவழக்காக உள்ளது. ஆகவே மது குறித்த சொற்கள் இம்மொழிபெயர்ப்பில் பயின்றுவரும் முறை இங்கு முதன்மையாக ஆராயப்படுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஒப்பீட்டுக்காகக் கொள்ளப்படுகிறது.

மூலமொழிச் சொற்கள்

எபிரேயப் பழைய ஏற்பாட்டில் திராட்சை மதுவைக் குறிக்கும் பொதுச்சொல் ‘யாயின்’ என்பதாகும். புதிதாகப் பிழிந்ததைப் பெரும்பாலும் ‘தீரோஷ்’ என்னும் சொல்லும், பிற போதைப்பானங்களை ‘ஷேகார்’ என்னும் சொல்லும் குறிக்கின்றன. நோவாவை வெறிகொள்ளச் செய்ததும் (ஆதியாகமம் 9:21), மனித இதயத்தை மகிழ்விக்கக் கடவுள் தந்த கொடையாகப் பாடப்படுவதும் (சங்கீதம் 104:15) ஒரே யாயின்தான். பத்திலொரு பங்கை விற்ற பணத்தால் யாயினும் ஷேகாரும் வாங்கிக் கடவுள் திருமுன் உண்டு மகிழலாம் என்று உபாகமம் 14:26 இசைவளிக்கிறது. நீதிமொழிகள் 20:1 அவ்விரண்டையுமே கடிந்துரைக்கிறது. கொடை, கேடு எனும் பாகுபாடு இங்குப் பொருளின் வகையைச் சார்ந்ததன்று. பயன்பாட்டின் அளவையும் சூழலையும் சார்ந்தது.

யாயின் பழச்சாறாக இருந்திருக்கலாம் என்னும் கருத்துக்கு எண்ணாகமம் 6:3 தடையாக நிற்கிறது. நசரேய விரதம் பூண்டோர் விலக்க வேண்டியவற்றுள் யாயின், ஷேகார், அவற்றின் காடி ஆகியவற்றை முதலில் கூறியபின், திராட்சைப்பழத்திலிருந்து எடுக்கப்படும் பானத்தையும் பழத்தையும் வற்றலையும் அது தனித்தனியே எண்ணுகிறது. யாயினே சாறு எனில் இத்தனி எண்ணிக்கைக்குத் தேவையில்லை. மேலும், கோடையின் இறுதியில் பிழியப்பட்ட சாறு தானே புளித்துவிடும் இயல்புடையது. அதைப் புளிக்காமல் புட்டியில் காக்கும் முறையை அமெரிக்கப் பல்மருத்துவர் தாமஸ் பிராம்வெல் வெல்ச் நற்கருணைப் பயன்பாட்டிற்காக 1869இல்தான் கையாண்டார். பாஸ்டரின் ஆய்வுகளே அதற்கு வழிவகுத்தன.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ‘ஒய்னோஸ்’ என்பது பொதுச்சொல். கானா ஊர்த் திருமணத்திலும், எபேசியருக்கு எழுதப்பட்ட எச்சரிக்கையிலும், தீமோத்தேயுவுக்குக் கூறப்பட்ட உடல்நல அறிவுரையிலும் இச்சொல்லே ஆளப்படுகிறது.

பவர் மொழிபெயர்ப்பின் சொல்லாட்சி

பழைய ஏற்பாட்டில் பவர் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் சீரான நெறியைப் பின்பற்றுகிறது. யாயின் திராட்சரசமாகவும் ஷேகார் மதுபானமாகவும் வருகின்றன. நோவா குடித்து வெறிகொண்டதும் திராட்சரசமே. புதிய ஏற்பாட்டில் இந்நெறி மாறுகிறது. ஒய்னோஸ் என்னும் ஒரே சொல், இசைவான இடங்களில் திராட்சரசமாகவும் கண்டனத்துக்குரிய இடங்களில் மதுபானமாகவும் பிரிகிறது. கானா நிகழ்வில் (யோவான் 2) திராட்சரசம். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பரிந்துரைக்கப்படுவதும் (1 தீமோத்தேயு 5:23) திராட்சரசம். எபேசியர் 5:18, 1 தீமோத்தேயு 3:8, தீத்து 2:3, ரோமர் 14:21 ஆகிய இடங்களிலோ மதுபானம். தீமோத்தேயுவுக்கு எழுதிய ஒரே நிருபத்திற்குள், மூன்றாம் அதிகாரத்தில் உதவிக்காரர் மிகுதியாக நாடக்கூடாததும் ஐந்தாம் அதிகாரத்தில் தீமோத்தேயு சிறிதளவு கொள்ள வேண்டியதும் ஒரே பொருள் என்பது தமிழ் வாசகருக்குப் புலப்படுவதில்லை.

அப்போஸ்தலர் 2:13 இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பெந்தெகொஸ்தே நாளில் சீடர்களை ஏளனம் செய்தோர் பயன்படுத்திய சொல் ‘க்ளூகோஸ்’. இனிமை என்னும் வேரிலிருந்து பிறந்த இச்சொல் இனிய புது மதுவைக் குறிப்பது. புதிய ஏற்பாட்டு மதுச்சொற்களுள் பழச்சாற்றுக்கு மிக அணுக்கமானது. ஆயினும் ஏளனத்தில் இடம்பெறுவதால் அது தமிழில் மதுபானம் ஆகிறது. சொல்லின் பொருளைக் காட்டிலும் சூழலின் மதிப்பீடே மொழிபெயர்ப்பை நடத்தியுள்ளது என்பதற்கு இது தக்க சான்று.

வினைச்சொற்களிலும் இப்பிரிவு காணப்படுகிறது. கானா ஊர்ப் பந்தி விசாரிப்புக்காரன், முதலில் நல்லதைக் கொடுத்து, விருந்தினர் குடித்துக் களித்தபின் தரம் குறைந்ததைத் தருவது உலக வழக்கம் என்கிறான். வெறிகொள்ளுதலைக் குறிக்கும் கிரேக்க வினையே அவன் கூற்றில் உள்ளது. எபேசியர் 5:18இல் வருவதும் அதுவே. அங்கு வெறி என்று பெயர்த்த மொழிபெயர்ப்பாளர் கானாவில் அதைத் திருப்தியடைதல் என்று மென்மையாக்கியுள்ளனர். அவன் கூற்று பொது வழக்கத்தைச் சுட்டுவதேயன்றி, கானா விருந்தினர் வெறிகொண்டனர் என்பதற்குச் சான்றாகாது. எனினும் பேசப்படும் பொருள் போதை தரவல்லது என்னும் குறிப்பு தமிழில் மறைந்துவிடுகிறது. ஆறு கற்சாடிகளின் கொள்ளளவு ஏறத்தாழ 470 முதல் 700 லிட்டர் வரை இருக்கும் என்பதை எண்ணுகையில் இம்மென்மையாக்கம் சிறிய செய்தியன்று.

லூக்கா 7:33-34: அறுபட்ட தொடர்பு

இச்சொற்பிரிவால் பெரிதும் இழப்புக்குள்ளான பகுதி லூக்கா 7:33-34. யோவான்ஸ்நானன் ஒய்னோஸ் குடியாதவனாக வந்தபோது அவனைப் பிசாசு பிடித்தவன் என்றனர். மனுஷகுமாரன் குடிப்பவராக வந்தபோது அவரை ‘ஒய்னொபொத்தேஸ்’ என்றனர். இரண்டாவது சொல்லுக்குள் முதற்சொல் அடங்கியிருக்கிறது. யோவான் விலக்கியதை இயேசு விலக்கவில்லை என்பதும், விலக்கியவரும் விலக்காதவரும் ஒருங்கே பழிக்கப்பட்டனர் என்பதும் இப்பகுதியின் உயிர்நாடி. தமிழில் முன்னது திராட்சரசம், பின்னது மதுபானப்பிரியன் என்றாகையில், பழிச்சொல் முற்றிலும் ஆதாரமற்ற அவதூறாகத் தோன்றுகிறது. உண்மையின் ஒரு கூற்றைப் பெருக்கிச் செய்யப்பட்ட பழி அது என்பது புலனாவதில்லை.

திருவிவிலியம் லூக்கா 7:33இலும், புதியதைப் பழைய தோற்பையில் ஊற்றலாகாது என்னும் மாற்கு 2:22இலும் ‘திராட்சை மது’ என்றே பெயர்க்கிறது. புளிப்பினால் பை வெடிக்கும் என்பது உவமையின் கருவாதலின் இத்தேர்வு பொருத்தமானது. ஆனால் கானாவில் அதுவும் ‘திராட்சை இரசம்’ என்னும் வழக்கையே தொடர்கிறது. வழிபாட்டு மரபில் வேரூன்றிய சொல்லை மாற்றுதல் எளிதன்று என்பதை இது உணர்த்துகிறது.

தமிழ்ச் சொல்மரபின் பங்கு

திராட்சரசம் என்பதில் வரும் ரசம் சாறு, சாரம், சுவை எனப் பொருள்படும். புளிப்பைக் குறிக்கவோ மறுக்கவோ அச்சொல்லில் ஏதுமில்லை. பழரசம் என்னும் இக்கால வழக்கே சாறு என்னும் பொருளை முன்னிறுத்துகிறது. புளித்ததைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கள், தேறல், நறவு, மட்டு என்பன சங்கப் பாடல்களில் பயில்வன. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்று 56ஆம் பாடல் குறிக்கிறது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்த பவர் இச்சொல்வளத்தை அறியாதவரல்லர்.

ஆயினும் அச்சொற்கள் நடுநிலையானவையல்ல. அதியமானோடு பகிர்ந்த கள்ளை நினைந்து கலங்கும் ஔவையின் கையறுநிலைப் பாடலில் கள் கொடையின் அடையாளம். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்திலோ அது பெற்ற தாயும் பொறாத இழிவு. பிற்காலத் தமிழ் அறமரபில் நிலைபெற்றது குறளின் பார்வையே. அச்சூழலில் நற்கருணையோடு தொடர்புடைய பொருளைக் கள் என்றோ மது என்றோ பெயர்த்திருப்பின் வாசகர் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய அதிர்ச்சி பெரிது. அதுபோலவே எபேசியர் 5:18இல் மதுபானம் என்று பொதுப்படப் பெயர்த்ததற்கும் நியாயம் உண்டு. திராட்சை மதுவைக் கண்டிராத, கள்ளும் சாராயமுமே அறிந்த வாசகர் அவ்வெச்சரிக்கை தமக்குரியதன்று என்று ஒதுங்குவதற்கு அத்தேர்வு இடமளிக்கவில்லை. எனவே இச்சொற்பிரிவு குறையாக மட்டும் மதிப்பிடத்தக்கதன்று. அதன்மேல் ஒரு கோட்பாட்டை எழுப்புவதே பிழை.

விலக்கின் உண்மை அடிப்படை

விவிலியத்தில் மதுவை முற்றாக விலக்கியோர் உளர். நசரேயர் விரதத்தால் விலக்கினர். ஆசாரியர் ஆசரிப்புக் கூடாரத்தில் பணிபுரிகையில் விலக்கினர் (லேவியராகமம் 10:9). ரேகாபியர் தந்தை சொல்லைக் காத்து விலக்கினர் (எரேமியா 35). அவர்கள் விலக்கியது நல்லதன்று என்பதால் விலக்கப்பட்டதன்று. நல்லதாகவும் இருக்கக்கூடிய ஒன்றை அவர்கள் பிறிதொரு கடமைக்காகத் துறந்தனர். இத்துறவை அனைவருக்கும் உரிய நெறியாக விரிப்பது ரோமர் 14:21. பிறன் இடறுவதற்கு ஏதுவானால் இறைச்சியையும் மதுவையும் தவிர்ப்பது நன்று என்கிறார் பவுல். இங்கு மூலத்தில் உள்ளதும் ஒய்னோஸே. பவுல் வேண்டுவது கானாவில் பரிமாறப்பட்ட அதே பொருளை அன்பின் பொருட்டுக் கைவிடுவதையே.

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் வசம் உள்ளது. குடியால் குடும்பங்கள் நிலைகுலையும் சூழலில், சபைகள் மதுவிலக்கை வலியுறுத்துவது இயல்பே. அதற்கு ரோமர் 14 போதிய அடிப்படையாகும். சாறு என்னும் வாதத்தைச் சார்ந்து நிற்கும் விலக்கு, மூலமொழியை ஒருவர் கற்ற அளவில் தளர்ந்துபோகும். அயலான் மீதான பொறுப்பைச் சார்ந்த விலக்கிற்கு அவ்வச்சமில்லை.

முடிவுரை

ஒய்னோஸ் என்னும் ஒரு சொல்லைப் பவர் மொழிபெயர்ப்பு சூழலின் மதிப்பீட்டுக்கேற்ப இரண்டாகப் பிரித்துள்ளது. இதனால் எபேசியர் நிருபத்தின் எச்சரிக்கை தமிழ் வாசகருக்கு அணுக்கமானது. அதேவேளை, லூக்காவின் முரண் மழுங்கியது. ஒரே பொருள் கொடையாகவும் கேடாகவும் அமையும் என்னும் விவிலியப் பார்வை மறைந்தது. இனிவரும் திருத்தங்கள், வழிபாட்டில் நிலைத்த சொல்லைப் பேணினும், ஒய்னோஸ் வரும் இடங்களை அடிக்குறிப்பால் இணைத்துக் காட்டுதல் வேண்டும். அப்போது மதுவை விலக்கும் கிறித்தவர் தாம் எதை விலக்குகிறார், யார்பொருட்டு விலக்குகிறார் என்பதை அறிந்தே விலக்குவர்.